நாக்கில் வைக்காதே

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வேதியியலுக்கு ஐந்து பாடங்கள். அணுக்களும் மூலக்கூறுகளும் முதலில், தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு அடுத்து, பிறகு கரைசல்கள், வேதிவினைகளின் வகைகள், கடைசியாகக் கார்பனும் அதன் சேர்மங்களும். பயிற்சிக்குப் போனால் கருத்தாளர்கள் இந்த வரிசை மாறக் கூடாது என்பார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். கல்வராயன் மலையில் சில ஆண்டுகள், பிறகு கீழே கச்சிராயபாளையம், சின்னசேலம் பக்கம் பல ஆண்டுகள் என்று அரசுப் பள்ளிகளில் அறிவியல் எடுத்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது. அணுவில் தொடங்கினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். பொட்டலத்தில் தொடங்கினால் சண்டை போடுகிறார்கள். வேதியியலுக்குச் சண்டைதான் நல்லது.

பொட்டலம் என்றால் ஐந்து பொட்டலம். தூளுப்பு, சர்க்கரை, சமையல் சோடா, மரவள்ளி மாவு, சலித்தெடுத்த நீற்றிய சுண்ணாம்பு. சர்க்கரையை மிக்சியில் ஒரு சுற்று விட்டு எடுத்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் மினுமினுப்பே காட்டிக்கொடுத்துவிடும். செய்தித்தாளில் மடித்து எண் மட்டும் எழுதி, குழுவுக்கு ஐந்தாகக் கொடுப்பேன். ஐந்தும் வெள்ளை. எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எடுப்பதற்கு ஈர்க்குச்சி, கரைக்கத் தண்ணீர், ஓர் எலுமிச்சம்பழம், மஞ்சள் தண்ணீர், மெடிக்கல் கடையில் வாங்கிய பெட்டாடின் சொட்டு, ஒரு மெழுகுவத்தி, பழைய கரண்டி. விதி ஒன்றே ஒன்று: நாக்கில் வைக்கக் கூடாது.

அந்த விதியைச் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒருவன் விரலை நக்கிக்கொண்டிருப்பான். எந்தப் பள்ளியிலும், எந்த ஆண்டும் இது தவறியதில்லை. தப்பு சொல்ல முடியாது. நம் ஊரில் உப்புக்கும் சர்க்கரைக்கும் நாக்குதானே ஆய்வகம்? குழம்பில் உப்புப் பார்ப்பதும், கரும்பில் இனிப்புப் பார்ப்பதும், கிழங்கு கசக்கிறதா என்று ஓரத்தைக் கடித்துப் பார்ப்பதும் நாக்குதான். அதை விட்டு வெளியே வரச் சொல்வதுதான் வேதியியலின் முதல் பாடம். பிள்ளைகளுக்கு இது லேசில் ஒப்பவில்லை. "உப்பு தானே டீச்சர், வச்சா என்ன ஆயிடும்?" என்பான். "உப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பேன். அதற்கு அவனிடம் பதில் இருக்காது. அந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

தண்ணீரில் போட்டதும் மூன்று கரைந்துவிடும், ஒன்று பால்போலக் கலங்கிக் கீழே உட்காரும், ஒன்று கொஞ்சம் கரைந்ததுபோலக் காட்டி மீதி படியும். பெட்டாடின் சொட்டை விட்டால் மரவள்ளி மாவு மட்டும் கருநீலமாகிவிடும். சின்னசேலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது ஆச்சரியம். ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு ஏற்றிப் போகிற வண்டியைத் தினம் பார்க்கிறவர்கள், அந்தக் கிழங்குக்குள் இருப்பது இப்படியொரு நிறம் காட்டும் என்று நினைத்ததில்லை. அடுத்த நாளே சோற்றுக்கஞ்சி, உருளைக்கிழங்கு, சாக்பீஸ் என்று கையில் கிடைத்ததன் மேலெல்லாம் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். சாக்பீஸ் ஏமாற்றும். அதுவும் ஒரு பாடம்தான்.

கரண்டியில் வைத்துக் காட்டினால் சர்க்கரை உருகி, பழுப்பாகி, கருகி, மணக்கும். உப்பு அப்படியே கிடக்கும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு ரத்தச் சிவப்பு. பெண் பிள்ளைகள் இதைப் பார்த்ததும் "ஆரத்தி!" என்று கத்துவார்கள். காரம் என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே அவர்கள் வீட்டு வாசலில் அது பல தடவை சுற்றிக் கொட்டப்பட்டிருக்கிறது. சோடாவிலும் மஞ்சள் தண்ணீர் நிறம் மாறும், ஆனால் அத்தனை ஆழமாக இல்லை. வலிய காரம், மெலிந்த காரம் என்ற பேச்சை அங்கே தொடங்கலாம்.

எலுமிச்சைச் சாறு விட்டால் சோடா மட்டும் பொங்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு வருடம் ஒரு குழு சாதிக்கத் தொடங்கியது. "டீச்சர், ரெண்டாம் நம்பரும் பொங்குது, அஞ்சாம் நம்பரும் பொங்குது. ரெண்டும் சோடாதான்." பக்கத்துக் குழு அதை ஒப்பவில்லை, மஞ்சளில் ஐந்தாம் நம்பர் ரத்தமாகச் சிவக்கிறதே என்றது. இரண்டும் சரி. அந்தச் சுண்ணாம்பு ஒரு பிள்ளையின் வீட்டு மாடத்தில் மூடாமல் நாட்கணக்கில் கிடந்தது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டைஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக மாறும். மாறிய பகுதி எலுமிச்சையில் பொங்குகிறது, மாறாத பகுதி மஞ்சளைச் சிவக்கவைக்கிறது. ஒரே பொட்டலத்தில் இரண்டு பொருள். கலவை என்றால் என்ன, சேர்மம் என்றால் என்ன என்று புத்தகம் அட்டவணை போட்டுச் சொல்வதை அந்தக் கெட்டுப்போன சுண்ணாம்பு ஒரு பாடவேளையில் சொல்லிவிட்டது. அன்றைக்கே தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் பப்பாளித் தண்டை வைத்து ஊதச் சொன்னேன். மூச்சுக் காற்றில் அது பால்போலாயிற்று. விடாமல் ஊதினால் மறுபடி தெளியும். அதற்கான காரணத்தை அவர்களே கேட்டுக்கொண்டு மறுநாள் வந்தார்கள். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் ஒரு குழுவுக்கு வேண்டுமென்றே பழைய சுண்ணாம்பு கொடுத்துவருகிறேன்.

கீழ்நாட்டில் எனக்குக் கிடைத்த பெரிய வசதி வெல்லக் கொட்டகை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரும்பு எங்கே இல்லை? மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. ஆலைக்குப் போகாத கரும்பு கொட்டகைக்குப் போகும். பொங்கல் நெருங்குகிற மார்கழியில் கொப்பரை ஓயாது. ஆய்வகம் இல்லாத பள்ளி என்று எத்தனையோ பேர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். நியாயமான குறைதான், எழுதிக் கேட்டு வாங்கவும் வேண்டும். ஆனால் நடந்துபோகிற தூரத்தில் இத்தனை பெரிய கொப்பரையில் வேதியியல் கொதித்துக்கொண்டிருக்கும்போது, அடுப்பையும் பாத்திரத்தையும் படமாக வரைந்து பாகம் குறிப்பது எனக்குச் சகிக்கவில்லை.

கொட்டகைக்குப் போனால் நான் வாயைத் திறக்க மாட்டேன். காய்ச்சுகிற பெரியவரைக் கேட்கவிடுவேன். "ஏன் தாத்தா சுண்ணாம்பு போடுறீங்க?" "அழுக்கு எடுக்கும், வெல்லம் கட்டும்." "போடலைன்னா?" "புளிப்பு நின்னுடும். உருண்டை புடிச்சாலும் இளகிடும்." இதற்குமேல் என்ன வேண்டும்? கரும்புச் சாறு சற்றே அமிலத்தன்மை உள்ளது, அதன் பி.எச். ஐந்தரைக்குப் பக்கத்தில் இருக்கும். அமிலத்தோடு சூடும் சேர்ந்தால் சுக்ரோஸ் தண்ணீரை வாங்கிக்கொண்டு குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடையும். உடைந்தவை காற்றின் ஈரத்தை இழுக்கும், படிகமாகாது, வெல்லம் இளகிவிடும். சுண்ணாம்பு அமிலத்தைத் தணித்து அந்த உடைப்பைத் தடுக்கிறது. வெட்டிப் போட்டு நாள்பட்ட கரும்பில் வெல்லம் நிற்காது என்று பெரியவர் சொன்னதற்கும் இதே காரணம்தான். நடுநிலையாக்கல் வினை என்று பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுவதன் பின்னால் ஒரு குடும்பத்தின் அந்த வருடத்து வரும்படியே இருக்கிறது. சுண்ணாம்பு கூடினால் வெல்லம் கறுத்துவிடும் என்பதையும் அவரே சொன்னார். அளவு முக்கியம் என்பதற்கு என்னிடம் அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பதம் பார்ப்பது வேறொரு அதிசயம். பாகு 118 பாகைக்குப் பக்கத்தில் வரும்போது இறக்குகிறார்கள். எங்கள் பள்ளி வெப்பமானி 110 பாகையோடு முடிந்துவிடும், அதைக் கொப்பரையில் விட்டால் வெடிக்கும். பெரியவர் ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து "இறக்கு" என்றார். தண்ணீர் 100 பாகையில் கொதிக்க, பாகு ஏன் அதைத் தாண்டிப் போகிறது என்ற கேள்வியைக் கரைசல்கள் பாடத்துக்கு வைத்துக்கொண்டேன்.

ஹைட்ரோஸ் போடுகிற கொட்டகைகளும் உண்டு. சோடியம் ஹைட்ரோசல்ஃபைட், ஒரு வெள்ளைத் தூள். கொப்பரையில் போட்டதும் பாகு பளிச்சென்று மஞ்சளாகும். ஒடுக்க வினை. நிறத்துக்குக் காரணமான பொருள்களை அது ஒடுக்குகிறது. காற்றுப் பட்டு அவை மறுபடி ஆக்சிஜனேற்றம் அடையும்போது வெல்லம் நாளாக ஆகக் கறுக்கிறது. வெல்லத்தில் சல்ஃபர் டைஆக்சைடு மிச்சம் பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி வரம்பு வைத்திருக்கிறது. காய்ச்சுகிறவரைக் கேட்டால், "மஞ்சளா இல்லன்னா மண்டியில சீண்ட மாட்டான்" என்கிறார். கறுத்த வெல்லத்தைக் கண்டால் முகம் சுளிக்கிற நாம்தான் அந்தத் தூளைக் கொப்பரைக்குள் போட வைக்கிறோம் என்பது என் எண்ணம்.

அணுவுக்கு வருவோம். எண்ண முடியாததை எண்ணுவது எப்படி என்பதுதான் மோல் பாடத்தின் சாரம். பிள்ளைகள் அதைச் சூத்திரமாகவே பார்க்கிறார்கள். மலையில் இருந்தபோது நான் சாமையைப் பயன்படுத்தினேன். ஒரு கைப்பிடி சாமையில் நூறு நூறாக எண்ணி ஆயிரம் மணி சேர்த்து, கையடக்க மின்தராசில் நிறுத்து, பிறகு ஒரு படி சாமையை நிறுத்து, அதில் எத்தனை மணி என்று கணக்குப் போடச் சொன்னேன். எண்ணாமலே எண்ணிக்கை வந்துவிட்டதில் அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அதே தந்திரத்தில்தான் 18 கிராம் தண்ணீரில் 602-க்குப் பின்னால் 21 சுழி போட்ட அளவு மூலக்கூறுகள் இருப்பதாகச் சொல்கிறோம். புத்தகம் அவகாட்ரோ எண்ணை 6.023 என்று தொடங்கும். 2019 மே 20-இல் உலக அளவீட்டு அமைப்பு அதை 6.02214076 என்று ஒரேயடியாக நிலைப்படுத்திவிட்டது. தேர்வுக்குப் புத்தகத்தில் உள்ளதையே எழுதச் சொல்வேன், திருத்துகிறவரிடம் யார் போய் வாதாடுவது?

அந்தச் சாமைக் கணக்கின் நடுவே ஒரு சிறுமி எழுந்து, "உமியோட நிறுக்கறதா, உமி போக்கி நிறுக்கறதா டீச்சர்?" என்றாள். குத்திப் புடைக்கிற வேலை தெரிந்தவள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நேராக மயில்துத்தத்துக்குப் போனேன். செய்முறைத் தேர்வில் அது உண்டு. நீல மயில்துத்தத்தைச் சோதனைக் குழாயில் சூடாக்கினால் வெள்ளைத் தூளாகும், குழாயின் வாய்ப் பக்கம் நீர்த்துளி படியும், ஆறியபின் தண்ணீர் விட்டால் மறுபடி நீலம். ஒவ்வொரு காப்பர் சல்ஃபேட் அலகும் ஐந்து நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்து படிகமாகிறது. கணக்குப் போட்டால் 250 கிராமில் 90 கிராம் நீர். உமி எத்தனை, அரிசி எத்தனை என்று அவள் கேட்டதேதான். போர்டோக் கலவை தெளிக்கிற வீட்டுப் பையன் ஒருவன் உடனே கணக்குப் போட்டு, "அப்ப ஒரு கிலோ துத்தத்துல 360 கிராம் தண்ணிக்குத்தான் காசு குடுக்கறோமா? கடைக்காரன் ஏமாத்தறானா?" என்று கேட்டான். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் அது நீலப் படிகமாகவே இராது என்று விளங்கவைக்க அந்தப் பாடவேளை முழுவதும் போயிற்று. காய்ந்த கல்போல இருக்கும் ஒன்றுக்குள் தண்ணீர் இருக்கிறது என்பதை நம்ப அவர்களுக்குச் சிரமமாக இருந்தது. நம்பிய பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்துக்காகத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்று மதிப்பெண் பிரித்திருக்கிறார்கள். செய்முறையில் யாரும் குறைவதில்லை, ஆகவே பல இடங்களில் யாரும் செய்வதுமில்லை. ரெக்கார்டு நோட்டு மட்டும் அழகாக இருக்கும். இதைப் பற்றி மேலும் எழுதினால் புலம்பலாகிவிடும்.

2024 ஜூன் 10 அன்று பள்ளி திறந்தது. புத்தகம் கொடுத்து, பொட்டலம் மடித்து, முதல் வாரம் வழக்கம்போலப் போனது. 18-ஆம் தேதி கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்றுவலி, வாந்தி, கண் தெரியவில்லை என்று ஒவ்வொருவராக விழத் தொடங்கினார்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே காரணத்தால் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். தொலைக்காட்சி நாள் முழுவதும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. வகுப்பில் நுழைந்ததும் கேட்டார்கள்: "மெத்தனால்னா இன்னா டீச்சர்?"

பாடத்திட்டப்படி அதற்கு இன்னும் பல மாதம் இருந்தது. நான் அன்றைக்கே எடுத்தேன்.

களிமண்ணும் ஈர்க்குச்சியும் போதும். கரி பிசைந்த கறுப்பு உருண்டை கார்பன், செம்மண் உருண்டை ஆக்சிஜன், சுண்ணாம்பு தடவிய சின்ன உருண்டை ஹைட்ரஜன். கார்பனுக்கு நான்கு குச்சி, ஆக்சிஜனுக்கு இரண்டு, ஹைட்ரஜனுக்கு ஒன்று. இணைதிறன் என்பது அவ்வளவுதான். ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் வைத்து ஒன்று செய்யச் சொன்னேன். இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் வைத்து இன்னொன்று. முதலாவது மெத்தனால், இரண்டாவது எத்தனால். மேசை மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரு கறுப்பு உருண்டையும் இரண்டு வெள்ளை உருண்டையும்தான் வித்தியாசம்.

நிறம்? இரண்டுக்கும் இல்லை. வாடை? ஏறக்குறைய ஒன்று. அடர்த்தி? இரண்டும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவு, இரண்டாம் தசம இடம்வரை வேறுபாடில்லை. தண்ணீரில் கலக்குமா? இரண்டும் எந்த அளவிலும் கலக்கும். ஒருவன் கை தூக்கினான். "கொளுத்திப் பாத்தா தெரியும் டீச்சர். நீலமா எரிஞ்சா நல்ல சரக்குன்னு சொல்லுவாங்க." யார் சொல்வார்கள் என்று நான் கேட்கவில்லை. யார் வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்பதை வகுப்பில் வைத்து ஆசிரியர் கேட்கவே கூடாது. எத்தனாலும் நீலமாகத்தான் எரியும், மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் மெத்தனால் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது என்று மட்டும் சொன்னேன். கொதிநிலையில் வேறுபாடு உண்டு: ஒன்று 65 பாகை, மற்றது 78. ஆனால் கலந்துவிட்ட பிறகு யார் வெப்பமானி வைத்துப் பார்க்கப்போகிறார்கள்? ஐந்து வெள்ளைப் பொட்டலம் அப்போதுதான் முந்தைய வாரம் முடிந்திருந்தது. "நாக்குல வச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். "அதைத்தான் வச்சாங்க," என்று இன்னொருத்தி சொன்னாள்.

பிறகு நடந்தது பாடம். எத்தனாலை ஆக்சிஜனேற்றம் செய்தால் எத்தனாயிக் அமிலம் வரும் என்று புத்தகத்தில் சமன்பாடு இருக்கிறது. கல்லீரலில் நொதிகள் ஏறக்குறைய அதையேதான் செய்கின்றன. எத்தனால் முதலில் அசிட்டால்டிஹைடாகி, பிறகு வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமாகிறது, அதை உடம்பு எரித்துவிடும். மெத்தனாலுக்கும் அதே நொதி, அதே வழி, ஒரு கார்பன் குறைவு. முதலில் ஃபார்மால்டிஹைடு. எங்கள் பள்ளி உயிரியல் அலமாரியில் கண்ணாடிப் புட்டிக்குள் தவளையும் தேளும் மிதக்கின்றனவே, அந்த ஃபார்மலின் அதன் கரைசல்தான். அலமாரிப் பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது. அடுத்து ஃபார்மிக் அமிலம், எறும்பு கடித்தால் எரிவதற்குக் காரணமான பொருள்களில் ஒன்று. அசிட்டிக் அமிலத்தைப்போல உடம்பால் இதைச் சீக்கிரம் கழிக்க முடியாது. அது சேரச் சேர, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிற இடத்திலேயே கை வைக்கிறது. பார்வை நரம்பு முதலில் அடிபடும். 10 மில்லிலிட்டர் மெத்தனால் கண்ணைப் பறிக்கலாம், 30 மில்லிலிட்டர் உயிரை எடுக்கலாம்.

ஆக, மெத்தனாலைவிட அது மாறுகிற பொருளே கொல்கிறது. மாறுவதற்கு நேரம் பிடிக்கும், 12 மணி, சில சமயம் ஒரு நாள்கூட. கூடவே எத்தனாலும் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும், ஏனென்றால் நொதிக்கு எத்தனால் மேல்தான் விருப்பம் அதிகம். அதனால்தான் குடித்தவர்கள் நன்றாக வீடு வந்து படுத்தார்கள். மருத்துவமனையில் கொடுக்கிற ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அது கிடைக்காதபோது டாக்டர்கள் எத்தனாலையே அளந்து ஏற்றுவது உண்டு. "அப்ப அதுக்கு மருந்து சாராயமேவா?" என்று ஒருவன் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. அளவும் ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் அது நடக்காது, ஆகவே மங்கலாகத் தெரிகிறது என்று ஒருவர் சொன்ன உடனே 108-ஐ அழைப்பதுதான் வீட்டில் இருப்பவர் செய்யக்கூடிய ஒரே வேலை என்று மூன்று தடவை சொன்னேன், எழுதவும் வைத்தேன்.

அந்த வகுப்பில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பையன்கள் இருந்தார்கள். அன்று மாலை ஒருவன் மட்டும் நின்றான். "பஸ்ல எல்லாம் மலைக்காரங்கதான் காய்ச்சிக் கொன்னுட்டாங்கன்னு பேசறாங்க டீச்சர்." கல்வராயனில் ஊறல் அழிப்பு என்ற செய்தி மாதம் தவறாமல் வரும், வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய் என்று பிள்ளைகளுக்கே சேர்மானம் தெரியும். மலை என்றால் ஊருக்கு அது ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. சாமையும் தினையும் கடுக்காயும் தேனும் அங்கிருந்துதான் இறங்கிவருகின்றன என்பது வராது. அவனுக்கு நான் ஆறுதல் சொல்லவில்லை, மறுநாள் நொதித்தலை எடுத்தேன். சுக்ரோஸை ஈஸ்டின் இன்வர்டேஸ் நொதி குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைக்கும். கொப்பரையில் அமிலமும் சூடும் செய்கிற அதே உடைப்பு. பிறகு சைமேஸ் அவற்றை எத்தனாலாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றும். ஒரு குளுக்கோஸில் ஆறு கார்பன், அது இரண்டு எத்தனாலும் இரண்டு கார்பன் டைஆக்சைடுமாகப் பிரிந்தால் மிச்சம் ஏதாவது உண்டா? உருண்டைகளை எண்ணிப் பார்த்தார்கள். இல்லை. மெத்தனாலுக்கு அங்கே இடமே கிடையாது. பழத்தோலின் பெக்டினிலிருந்து சொற்பமாக வருவது வேறு, அது கும்பலாக ஆள் கொல்லும் அளவல்ல. மெத்தனால் தொழிற்சாலையில், பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து, பெயின்டுக்கும் பிசினுக்கும் ஃபார்மலினுக்குமாகத் தயாராவது. ஊறலில் பதம் தப்பி அது வந்துவிடாது, டிரம்மிலிருந்து யாரோ ஊற்ற வேண்டும். காய்ச்சுவதை நான் நியாயப்படுத்தவில்லை, எத்தனால் அழித்த குடும்பங்களை அந்த மலையிலேயே பார்த்தவள் நான். ஆனால் எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்வது வேதியியல் ஆசிரியரின் வேலை. அந்தப் பையன் களிமண் குளுக்கோஸை நோட்டுப் புத்தகத்தில் வரைந்து, கார்பனுக்கெல்லாம் எண் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

நவம்பரில் அவனே ஒரு செய்தித்தாள் துண்டைக் கொண்டுவந்தான். லாவோஸ் நாட்டின் வாங் வியங்கில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் ஆறு பேர் இறந்திருந்தார்கள், மெத்தனால் என்று சந்தேகம். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாலும் நாக்குக்குத் தெரிவதில்லை.

ஸ்பிரிட் விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மயில்துத்தம் சூடாக்குகிற அந்த விளக்கில் நாம் ஊற்றும் ஸ்பிரிட் எத்தனால்தான். யாரும் குடித்துவிடக் கூடாது என்று அதில் மெத்தனால்போன்றவற்றைச் சேர்த்து விஷமாக்கி விற்பது தொழில் வழக்கம். குடிக்காமல் இருப்பதற்காகச் சேர்த்த விஷம், தொட்டடுத்த பீரோவில், பதினைந்து வயதுப் பையன்கள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. இது என் பணிக்காலம் முழுவதும் எனக்குத் தெரிந்த சேதிதான், அதனால் பூட்டும் பதிவேடும் எப்போதும் உண்டு. இப்போது புட்டியின் மேல் சிவப்பு மையில் விஷம் என்பதோடு, உள்ளே இருக்கும் இரண்டு மூலக்கூறுகளின் படத்தையும் பிள்ளைகளையே வரைந்து ஒட்டச் சொல்கிறேன்.

"வீட்டுல வச்சுக் கண்டுபிடிக்க ஏதாச்சும் டெஸ்ட் இருக்கா டீச்சர்?" என்று ஒவ்வொரு வகுப்பும் கேட்கிறது. இல்லை. மேல்நிலை ஆய்வகத்தில் அயோடினும் காரமும் சேர்த்தால் எத்தனால் மஞ்சள் வீழ்படிவு தரும், மெத்தனால் தராது. ஆனால் இரண்டும் கலந்திருந்தால் அந்த மஞ்சள் வரத்தான் செய்யும், உள்ளே மெத்தனால் இருப்பதை அது மறைத்துவிடும். தடய அறிவியல் கூடத்தில் வாயு வண்ணப்பிரிகை இயந்திரம் வைத்துத்தான் எது எவ்வளவு என்று சொல்கிறார்கள்.

புதிதாக வந்திருக்கிற இளம் ஆசிரியை ஒருத்தி, கடைசிப் பாடத்தை ஜூனில் எடுத்தால் காலாண்டுத் தேர்வுக்குள் அணுவை எப்படி முடிப்பது என்று என்னிடம் கேட்டாள். களிமண் உருண்டை செய்யும்போதே அணு, மூலக்கூறு, இணைதிறன், மூலக்கூறு நிறை நான்கும் முடிந்துவிடுகிறது, மெத்தனால் 32, எத்தனால் 46 என்று அவர்களே கூட்டிவிடுகிறார்கள் என்றேன். அரைமனதாகக் கேட்டுக்கொண்டாள். பொதுத்தேர்வில் வழக்கமாக வருவது மொலாசஸிலிருந்து எத்தனால் தயாரிக்கும் முறை. நீர்த்தல், அம்மோனியம் உப்புச் சேர்த்தல், ஈஸ்ட், நொதித்தல், காய்ச்சி வடித்தல், கடைசி நீரைச் சுட்ட சுண்ணாம்பு வைத்து எடுத்தல் என்று பிள்ளைகள் படிப்படியாக எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள். மெத்தனாலுக்கு, பெயரிடும் பயிற்சியில் முதல் பெயராக வந்து நிற்பதைத் தவிர, கேள்வி ஏதும் வருவதில்லை. அதற்கு நான் மூன்று பாடவேளை எடுக்கிறேன்.